பெலவத்தை நர்சரி நட்டுத் தந்த தோட்டம்: 16 மாதம் பார்த்த பிறகு எழுதுகிறேன்

தெஹிவளை, களுபோவிலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரைப் பேர்ச் வளவு இருக்கிறது. ஏறக்குறைய 400 சதுர அடி. ஒரு பக்கம் அயல் வீட்டு மதில், மறுபக்கம் உடுப்புக் காயப்போடும் கம்பி, நடுவில் மேல்மாடி கட்டியபோது மிஞ்சிய கல்லும் சீமெந்தும். 2023 ஒக்டோபரில் அந்த இடத்தைப் பத்தரமுல்லை, பெலவத்தை வீதியில் உள்ள ஒரு நர்சரியிடம் ஒப்படைத்தோம். பறவையும் வண்ணத்துப்பூச்சியும் தேடி வந்து சாப்பிடக்கூடிய தோட்டம் அமைத்துத் தருவது அவர்களுடைய சேவைகளில் ஒன்று. வந்து இடம் பார்க்க 1,500 ரூபா, நட்டுத் தர 12,000, கன்றும் எருவும் வேறாக 14,650. ஒரு மரம் என்ன செய்யுமென்று ஒரு மாதத்தில் சொல்ல முடியாது, அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

நான் திருகோணமலைப் பிள்ளை. கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் புள்ளிமான்கள் நிற்கும், ஊருக்குள்ளும் இறங்கித் திரியும். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அப்பா வாழைப்பழத்தோலும் மிஞ்சின பாணும் எடுத்துக்கொண்டு போவார். நாங்களும் கையை நீட்டிக் கொடுத்தோம். புண்ணியம் என்றுதான் நினைத்தோம். காலம் போக, மான்கள் குப்பை மேட்டை நம்பி நிற்கப் பழகிவிட்டன. சோற்றுப் பார்சல் சுற்றின லஞ்ச் ஷீட்டைச் சோற்று மணத்துக்காகவே மென்று விழுங்கின. ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, செத்துக் கிடந்த ஒரு பெட்டை மானின் வயிற்றிலிருந்து பொலித்தீனை இழுத்து எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பிராணிக்கும் தட்டில் வைத்துக் கொடுக்க மனம் வந்ததில்லை. ஆனால் அவை எங்கள் வளவுக்கு வரவேண்டும், பேத்தி பார்க்கவேண்டும் என்கிற ஆசை போகவில்லை.

வழி சொன்னவன் அமெரிக்காவில், விஸ்கொன்சினில் இருக்கிற என் சித்தப்பாவின் மகன். வீட்டுக்குப் பின்னால் காட்டோரமாகக் கால் ஏக்கரில் வெள்ளைக் க்ளோவர், சிக்கரி என்கிற தீவனச் செடிகளை விதைத்திருக்கிறான், மானுக்கென்றே. அங்கே பலர் வேட்டைப் பருவத்தை மனதில் வைத்து இப்படி விதைப்பார்கள். அவன் ஜன்னலடியில் நின்று பார்ப்பதற்காக விதைக்கிறான். “அக்கா, விதையை யோசிக்க முதல் மண்ணைப் பாருங்கோ,” என்றான். மண் புளித்து, அமிலமாகக் கிடந்தால் க்ளோவர் எழும்பாது. முதல் வருஷம் அவன் விதையை விடச் சுண்ணாம்புக்குத்தான் கூடச் செலவழித்திருக்கிறான். சிக்கரிக்கு வேர் ஆழம். வெயிலில் க்ளோவர் வாடினாலும் அது பச்சையாக நிற்குமாம். இந்த வளவுக்கு மான் வரப்போவதில்லை, ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் நின்றுவிட்டது. பத்தரமுல்லையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். “உங்கட மண் என்ன மாதிரி?” என்று திருப்பிக் கேட்டது இந்த ஒரு கடைதான்.

அவர்கள் அனுப்பியது தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவரை. முதல் நாள் ஒரு கன்றும் கொண்டுவரவில்லை, மண்வெட்டியும் வாளியும்தான். மூன்று இடத்தில் தோண்டினார். மேலே கட்டடக் கழிவு, ஒரு அடிக்குக் கீழே கபுக் என்கிற செம்மண் கல். மதிலோரத்தைக் காட்டி, “அம்மா, சீமெந்து விழுந்த இந்தப் பக்கம் மண்ணு சுண்ணாம்பா இருக்கும். இக்ஸோரா வச்சா இலை மஞ்சளாயிரும். அந்தப் பக்கம் வைப்போம்,” என்றார். எங்கள் முன்வாசல் இக்ஸோரா ஏன் நான்கு வருஷமாக மஞ்சள் பாரித்து நிற்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. 11 உரப்பை கழிவு வெளியே போனது. குழிக்குள் கூட்டெருவும் இலைச்சருகும் போனது. இந்த ஒரு நாள் வேலைக்கே அந்த 12,000 பெறும் என்று நான் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

கன்று தெரிவு செய்யக் கடைக்குப் போனபோது நான் பூவைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அவர் மெதுவாக ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். “பூ மட்டும் வச்சா வண்ணத்துப்பூச்சி வந்து குடிச்சிட்டுப் போயிரும்மா. இலை வச்சாத்தான் முட்டை போடும். ஆனா புழு வந்து இலையைத் தின்னும். நீங்க மருந்தடிக்கக் கூடாது. பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

முடியும் என்றேன். அப்படித்தான் இரண்டு கறிவேப்பிலை, ஒரு தேசி, ஒரு அன்னமுன்னா, வெயில் மூலைக்கு எருக்கலை, கிலுகிலுப்பை என்று பட்டியல் மாறியது. குடிக்க வருகிறவைக்கு இக்ஸோராவும் செவ்வரத்தையும், பறவைக்கு ஒரு ஜாம் மரம். லன்டானாவை நானே கேட்டேன், பூவில் எப்போதும் வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறதே என்று. அவர் மறுத்துவிட்டார். குருவி தின்று போட்ட விதையில் அது எங்கேயும் முளைக்கும். உடவளவை தேசியப் பூங்காவில் யானை மேய்கிற புல்வெளியை அது மூடிக்கொண்டு வருகிறது. விற்றால் கடைக்குக் காசு, ஆனாலும் வேண்டாமென்று சொன்ன அந்த நேர்மையை நான் மறக்கமாட்டேன்.

இனிக் குறை. நட்டு மூன்றாம் வாரமே தேசியில் முட்டை வந்தது. பேத்தி பாடசாலையால் வந்தவுடன் சப்பாத்தும் கழற்றாமல் ஓடிப்போய்ப் பார்ப்பாள். புழு பொரித்தது. சின்னதாக, பறவை எச்சம் போலவே இருக்கும், அதுதான் அதற்குக் காவல். மூன்றாம் நாள் ஆறு புழுவும் கறுத்துச் சுருண்டு இலையிலேயே ஒட்டிக் கிடந்தன. “அம்மம்மா, நாங்கள் என்ன பிழை செய்தோம்?” என்று பிள்ளை அழுதது. தம்பியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கடையில் நிற்கிற கன்றுக்கெல்லாம் வாரம் ஒருமுறை பூச்சிமருந்து அடிக்கிறார்கள், புழு தின்ற இலையோடு நிற்கிற கன்றை ஒருவரும் வாங்குவதில்லையாம். மருந்து சில வேளை இலைக்குள்ளேயே ஊறி நிற்கும், கழுவினாலும் போகாது. வண்ணத்துப்பூச்சிக்கென்று சொல்லி விற்கிற கன்றுக்கு அதே மருந்தை அடிப்பது பெரிய தவறு. கடைக்காரரிடம் நேரே சொன்னேன். பதிலாக இரண்டு கன்று தந்தார். எனக்குக் கன்று பெரிதில்லை, அடுத்த ஆளுக்கும் இதைச் சொல்லாமல் விற்கிறார்களே என்பதுதான் வருத்தம். பழைய இலை உதிர்ந்து புதுத் தளிர் வந்த பிறகு, பெப்ரவரி அளவில்தான் புழு உயிரோடு நின்றது.

இன்னொன்று அந்தக் கொடி. கடையின் வண்ணத்துப்பூச்சித் தொகுப்பில் ஒரு கொடி சேர்த்திருந்தார்கள், கபில நிறத்தில் புள்ளி போட்ட, புனல் மாதிரிப் பூ. பார்க்க அழகுதான். ஆனால் அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த அலங்காரக் கொடி. எங்கள் ஊர் ஈசுரமூலியின் இனம்தான் என்பதால் வண்ணத்துப்பூச்சி ஏமாந்து அதில் முட்டை இடலாம், புழுவோ அந்த இலையைத் தின்று செத்துப்போகும். அவுஸ்திரேலியாவில் ரிச்மண்ட் பேர்ட்விங் என்கிற பெரிய வண்ணத்துப்பூச்சிக்கு இந்தக் கொடியால் நேர்ந்த அழிவு தெரிந்த விஷயம். நான் அதைப் பிடுங்கிவிட்டேன். தம்பி, தான் தங்கியிருக்கிற வீட்டு வேலியிலிருந்து உண்மையான ஈசுரமூலியைக் கொண்டுவந்து நட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. சிங்களத்தில் சப்சந்த என்பார்கள், நாட்டு வைத்தியர்களுக்குத் தெரியும். நம் நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பதும் இதைத்தான். அது இன்னும் எங்களிடம் வரவில்லை. உடல் சிவந்த, வால் நீண்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி வருகிறது. சென்ற மாதம் மட்டும் நான்கு கூடு எண்ணினேன்.

கறிவேப்பிலையில்தான் கொண்டாட்டம். ஒரு மரத்தைப் புழு மொட்டையாக்கும், பதினைந்து நாளில் அது திரும்பத் தளிர்க்கும். என் கணவருக்கு முதலில் கோபம், “கறிக்குக் கிள்ள ஒரு ஈர்க்கு இல்லை” என்று. இரண்டு மரம் வைக்கச் சொன்ன தம்பியின் யோசனை அங்கேதான் உதவியது. குசினிப் பக்கத்து மரத்தில் புழு கண்டால் இவரே ஈர்க்கோடு எடுத்துக்கொண்டுபோய் மற்ற மரத்தில் விடுகிறார். முட்டையிலிருந்து பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். காலையில் கூடு கிழிந்து, ஈரச் சிறகோடு தொங்கி, காய்ந்து, மதிலுக்கு மேலால் போகிற அந்த நேரமெல்லாம் வீட்டில் தேத்தண்ணி ஆறிவிடும்.

ஜாம் மரம் ஒரு வருஷத்துக்குள் காய்த்தது. கொண்டைக்குருவி, கிளி, அணில், சிங்களத்தில் கொட்டோருவா என்கிற குக்குறுவான் எல்லாம் வருகின்றன. புலுனிகள் கூட்டமாக இறங்கிச் சருகைக் கிளறுகின்றன. பெல்லன்வில அத்திடிய சரணாலயம் எங்களுக்கு அதிக தூரமில்லை, 1990இல் அறிவித்தது. 2018இல் கொழும்பு, ராம்சர் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கை அங்கீகரித்த ஈரநில நகரங்களில் ஒன்றாகவும் ஆனது. நடுவிலுள்ள வீடுகளில் ஒவ்வொரு மரமாவது நின்றால்தானே அங்கத்தைய பறவை இங்கே வந்து தங்கும். தேன்சிட்டு ஒன்று உடுப்புக் கம்பியிலேயே சிலந்தி நூலால் பின்னிக் கூடு தொங்கவிட்டது. செவ்வரத்தையில் தேன் குடிக்கிற அதே குருவி, குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. குஞ்சு பறக்கும்வரை உடுப்பை மொட்டைமாடியில் காயப்போட்டோம்.

ஜாம் மரம் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரவில் பழந்தின்னி வௌவால் வரும். அயல் வீட்டு அண்ணரின் கார் கூரை முழுக்க எச்சம். அவர் நியாயமாகத்தான் முறைப்பட்டார். கடை முதலே சொல்லியிருக்க வேண்டும். இப்போது மதில் பக்கத்துக் கொப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிறோம்.

பறவைக் குளியலுக்கென்று 3,200 ரூபாவுக்கு ஒரு சீமெந்துத் தொட்டியும் விற்கப் பார்த்தார்கள். வேண்டாமென்றேன். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததாகக் கணக்கு, அதில் என் மகளும் ஒருத்தி. தேங்கிய தண்ணீரைக் கண்டால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும். ஒரு மண்சட்டி மூடியில் விடிய ஊற்றி, பொழுதுபட முதல் கவிழ்த்துவிடுகிறேன். குருவிக்கு அது போதுகிறது.

மொத்தத்தில் அந்தத் தம்பியின் வேலைக்கு முழுப் புள்ளி, கன்றுக்குப் பாதி. தொகுப்பாக வாங்காதீர்கள், மண் பார்க்கிற சேவையை எடுத்துக் கன்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குங்கள். வரும் மாதம் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறேன், முன்வாசலில் ஒரு கொன்றை வைக்க. எலுமிச்சை மஞ்சளில் கூட்டம் கூட்டமாகப் பறக்கிற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டை இடும். கன்று 450 ரூபா. மருந்தடிக்காமல் ஆறு வாரம் தனியாக எடுத்து வைக்கும்படி கடையில் எழுதிக் கொடுத்து, முற்பணமும் கட்டிவிட்டு வந்தேன்.