ஊட்டியில் ‘நீலகிரி ஆட்டு ரோம ஸ்வெட்டர்’ வாங்கப் போகிறவர்களுக்கு

மார்கழி வந்தால் அப்பா விடியற்காலை நாலரைக்கே கோவிலுக்குக் கிளம்பிவிடுவார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, நெஞ்சுச் சளி வேறு. அவருக்காகத்தான் போன மாதம் ஊட்டியில் ஒரு கம்பளி ஸ்வெட்டர் தேடினேன். 2,400 ரூபாய் கொடுத்து ஏமாந்து வந்தேன். கடை எது என்று சொல்லப் போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

கடைக்காரர் இனிக்க இனிக்கப் பேசினார். “அண்ணா, இது மிஷின்ல போட்டது இல்ல. நம்ம மலையில மேயுற நீலகிரி ஆட்டு ரோமம், பொம்பளைங்க கையால பின்னுறது.” நான் தயங்கியதும் லைட்டரை எடுத்து ஒரு நூலைக் கொளுத்திக் காட்டினார். தலைமுடி கருகும் வாடை வந்தது, தீ தானாக அணைந்தது, சாம்பலை நசுக்கினால் பொடியானது. அசல் கம்பளி அப்படித்தான் எரியும் என்று எனக்கும் தெரியும். அங்கேயே விழுந்துவிட்டேன்.

ஆனால் அந்த நூல் ஸ்வெட்டரிலிருந்து உருவியதே இல்லை. மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு நூற்கண்டிலிருந்து கிள்ளியது! கண்ணெதிரேதான் நடந்தது, உறைக்கவில்லை.

அப்பா நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, “காத்து உள்ள வருதுடா” என்றார். கழற்றும்போதெல்லாம் சடசடவென்று பொறி. பத்தே நாளில் கைக்கு அடியில் நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. சந்தேகப்பட்டு உள்தையலில் ஒரு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பிளாஸ்டிக் நாற்றத்தோடு உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. அக்ரிலிக், அதாவது செயற்கை இழை! பக்கவாட்டில், வெட்டிய துணி ஓரம் பிரியாமல் மிஷினில் அடிக்கும் ஓவர்லாக் தையல் வேறு. கையால் பின்னியதற்கு அது எதற்கு? கழுத்தில் லேபிளை வெட்டி எடுத்த தடமும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

போன் செய்தேன். “கம்பளி மாதிரின்னுதானே அண்ணா சொன்னேன்” என்றார். கையில் இருந்தது எஸ்டிமேட் சீட்டு, அதில் ‘ஸ்வெட்டர் – 1’ என்று மட்டும். யுபிஐ பணம் கடைப் பெயருக்குப் போகவில்லை, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போயிருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, சரி. ஆனால் இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

அந்த ஆட்டைப் பற்றி முன்பே விசாரித்திருந்தால் கடையிலேயே விழித்திருப்பேன். நீலகிரி ஆடு என்று ஒரு செம்மறி ஆட்டு இனம் உண்மையிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு இனங்களைக் கலந்து உருவானது. மலைக் குளிரையும் ஓயாத மழையையும் தாங்கும், மென்மையான ரோமம் தரும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கென்று அரசு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் மேய்ச்சல் நிலமெல்லாம் தேயிலையாகவும் மரத்தோப்பாகவும் மாறிப்போக, இப்போது அந்த ஆடுகள் அரிதாகிவிட்டன. ஓர் ஆடு ஆண்டுக்கு ஒரு கிலோ ரோமம்கூடத் தராது, அதிலும் அழுக்கும் கொழுப்பும் கழுவினால் இன்னும் குறையும். பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு அரைக் கிலோ நூலாவது வேண்டும். அப்படியிருக்க, அந்தக் கடையில் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். எத்தனை ஆடு வேண்டியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அக்ரிலிக் வாங்குவதில் தப்பே இல்லை. நானூறு ஐந்நூறுக்கு நல்லதே கிடைக்கும், துவைப்பதும் சுலபம். கடைக்காரர் கம்பளி விலை கேட்டால் மட்டும், வாங்கப் போகிற துணியின் உள்தையலிலிருந்து நூலை நீங்களே எடுத்துக் கொடுத்துக் கொளுத்தச் சொல்லுங்கள். பில்லில் ‘முழுக் கம்பளி’ என்று எழுதி, கடை முத்திரையோடு கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அந்தக் கடைக்காரர் என்ன செய்திருப்பார் என்று இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பா மறுபடி பழைய சால்வைக்கே போய்விட்டார்.