இரண்டு ஹெல்மெட்டும் உள்ளே போகுது: ஜூப்பிடர் 125-ல் ஓண வாரக் கச்சேரிக்கு

ஸ்கூட்டர் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லாரும் மைலேஜில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமான கேள்வி வேறு. போய் இறங்கின இடத்தில் ஹெல்மெட்டை எங்கே வைப்பது?

குழித்துறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங் துணி, நூல், ஊக்கு என்று மார்த்தாண்டத்துக்கு ஓடுகிற ஓட்டத்துக்கு எந்த வண்டியும் போதும். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், கல்யாணப் புடவை எல்லாமே திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், சரி. ஓணத்துக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை இன்றைக்கும் உண்டு. அந்த வாரத்தில் திருவனந்தபுரத்துக் கனகக்குன்னு அரண்மனையில் பாட்டுக் கேட்கப் போகாவிட்டால் மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) வருஷமே முடியாது.

களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டினால் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தலையிலும் ஹெல்மெட் இருக்க வேண்டும். சட்டம் இந்தப் பக்கமும் அதேதான். வித்தியாசம் என்னவென்றால் அந்தப் பக்கம் 2019 டிசம்பரிலேயே கெடுபிடி ஆரம்பித்துவிட்டது, 2023 ஜூனிலிருந்து கம்பத்தில் கேமரா வேறு உட்கார்ந்து பார்க்கிறது. போலீஸ்காரரிடம் "சாரே, இந்தா பக்கத்துலதான்" என்று சொல்லலாம். கேமராவிடம் என்னத்தைச் சொல்ல? ஆக ஆளுக்கு ஒன்று. அந்த இரண்டையும் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. கை தட்ட முடியாது, போனை எடுக்க முடியாது, இடுப்பில் குடம் வைத்த மாதிரி ஒருக்களித்தே நடக்க வேண்டும். போன வண்டியில் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவோம். கனகக்குன்னில் பாட்டு நடக்கும்போது என் மனசு பார்க்கிங்கில் நிற்கும்.

இந்த டிவிஎஸ் ஜூப்பிடர் 125-ஐ நான் வாங்கியதற்கு ஒரே காரணம் சீட்டுக்கு அடியில் இருக்கிற 33 லிட்டர் பெட்டி. பெட்ரோல் டேங்கைக் கால் வைக்கிற பலகைக்குக் கீழே கொண்டுபோய்விட்டதால் பின்னால் அவ்வளவு இடம் மிச்சம். என்னுடைய முழுமுக ஹெல்மெட், மைனியின் முன்பக்கம் திறந்த ஹெல்மெட், இரண்டும் உள்ளே போய் சீட் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். உங்கள் இரண்டும் பெரிய சைஸ் என்றால் கடைக்கு ஹெல்மெட்டோடே போங்கள். பேப்பரில் இருக்கிற லிட்டர் கணக்கை நம்பாமல் வைத்துப் பார்த்து, சீட்டை மூடிப் பார்த்து, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். விற்கிற பையன் ஒரு மாதிரி பார்த்தான். பார்த்துவிட்டுப் போகட்டும்.

இதில் ஒரு இக்கட்டு இருக்கிறது, எந்த விளம்பரத்திலும் வராது. போகும்போது ஹெல்மெட் தலையில். அதனால் பெட்டி காலி. காலியான இடத்தை எங்கள் வீட்டில் யாரும் சும்மா விட மாட்டார்கள். மழைக்கோட்டு இரண்டு, ஒரு குடை, தண்ணீர் பாட்டில், மைனி சுட்ட ரசவடை ஒரு டப்பா, மாற்றுச் செருப்பு. எல்லாம் சேர்த்து சாஸ்தமங்கலம் பக்கம் போய் இறங்கி சீட்டைத் தூக்கினால், ஹெல்மெட் உள்ளே போக வேண்டுமென்றால் வடை வெளியே வர வேண்டும். ரோட்டோரத்தில் நின்றே டப்பாவைக் காலி பண்ணினோம். மழைக்கோட்டை மடித்து ஹெல்மெட்டுக்குள் திணித்தால் இரண்டும் அடங்கும், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குடை அடங்காது.

டேங்க் கீழே இருப்பதில் இன்னொரு லாபம். மைனி செட்டுமுண்டு (கேரளத்து இரட்டை வேட்டிச் சேலை) உடுத்திக்கொண்டு ஒரு பக்கமாகத்தான் உட்காருவார். "இன்னைக்கு ஒரு நாளாவது சுடிதார் போடுங்க மைனி" என்றால், "ஓணத்துக்குச் சுடிதாரா? போ பிள்ளே" என்பார். ஒரு பக்கமாக ஆள் உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும், மெதுவாகப் போகும்போது இன்னும் இழுக்கும். பாரம் தாழ்வாக இருப்பதால் இதில் அந்த இழுப்பு குறைவு. முன்னும் பின்னும் 12 அங்குலச் சக்கரம், அதனால் குழியில் இறங்கினாலும் பின்னால் இருப்பவர் முதுகு தப்பிக்கும். பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் பின்சக்கரம் 10 அங்குலம். நம்ம ரோட்டில் அந்த இரண்டு அங்குலத்தின் அருமை தெரியும்.

பெட்ரோல் குழித்துறையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். கேரளாவில் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் கூடுதல்; 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ்ஸும் அதில் சேர்ந்திருக்கிறது. டேங்க் 5.1 லிட்டர். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் போய், அவ்வளவே திரும்பி வர, இரண்டு லிட்டர் தாராளம். மூடி முன்பக்கம் ஹேண்டிலுக்குக் கீழே இருப்பதால் பங்க்கில் இறங்க வேண்டாம், சீட்டைத் தூக்க வேண்டாம். செட்டுமுண்டு கட்டிய ஆளை இறக்கி ஏற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அண்ணன் தன்னுடைய 350 சிசி பைக்கில் கூட வந்தார். பாறசாலை வரை எங்களை முந்திக்கொண்டு போய் டீக்கடையில் நின்று கையசைப்பதும், நாங்கள் கடந்ததும் மறுபடி முந்துவதுமாக ஒரே அலட்டல். நெய்யாற்றின்கரை தாண்டி பாலராமபுரம் வந்தது. அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரமனையிலிருந்து பிராவச்சம்பலம் வரை ரோட்டை அகலமாக்கி நாலு வழியாக்கிவிட்டார்கள், அதில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பாலராமபுரம் மட்டும் பழைய கைத்தறிக் கடைவீதியாகவே இறுகிக் கிடக்கிறது. ஓண வாரத்தில் கசவு (ஜரிகைக்கரைத் துணி) எடுக்க வருகிற கூட்டம் வேறு. (அந்த நெசவாளர்களின் முன்னோர் பாலராம வர்மா ராஜா காலத்தில் நம்ம பக்கத்திலிருந்து போன சாலியர்கள். கடைக்குள் போய் தமிழில் விலை கேட்டால் முகம் மலரும். விலை குறையாது.) அந்த நெரிசலில் வண்டிகள் அடி அடியாக நகர்ந்தன. அண்ணன் கிளட்ச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். நான் வலது கையை லேசாகத் திருப்பி, இடது பிரேக்கைத் தொட்டு, அவ்வளவுதான். இந்த வண்டியில் இடது பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரமும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். 125 சிசி வரையிலான வண்டிகளில் இப்படி ஒரு பிரேக் ஏற்பாடோ ஏபிஎஸ்ஸோ இருக்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் கட்டாயமாக்கினார்கள். ஈர ரோட்டில் முன்பிரேக்கைத் தனியாக இறுக்கி வழுக்குகிற பயம் எனக்கு இந்த வண்டியில் இல்லை. சந்திப்பைத் தாண்டியதும் அண்ணன் பைக்கை ஓரம் கட்டி உள்ளங்கையைத் தேய்த்தார். "வண்டி கொள்ளாம் (நல்லாத்தான் இருக்கு) பிள்ளே" என்றார். அதற்குப் பிறகு முந்தவில்லை.

ஓண வாரத்தில் சாயந்திரம் ஆகிவிட்டால் மியூசியம், வெள்ளயம்பலம் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். அதனால் சாஸ்தமங்கலம் பக்கத்துச் சந்து ஒன்றில், வீட்டு வாசலை மறைக்காமல், வண்டியின் முகம் வெளியே பார்த்த மாதிரி நிறுத்திவிட்டு நடந்தோம். முந்தின வருஷம் காசு கொடுத்து நிறுத்துகிற ஒரு மைதானத்தில் விட்டிருந்தோம். சைடு ஸ்டாண்டு போட இடமில்லாமல் வண்டிகளை அடுக்கி, ஹேண்டில் பூட்டியிருந்த வண்டியைப் பின்பக்கம் தூக்கி இழுத்து நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே எடுக்க ஆன நேரத்தில் பாறசாலையே போயிருக்கலாம். கேட்டால் "ரசீதில் எழுதியிருக்கு சேச்சி" என்று பதில்.

இனி கச்சேரி. கனகக்குன்னு அரண்மனை வளாகத்துக்குள் சீரியல் விளக்கு போடாத மரம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. நிசாகந்தி திறந்தவெளி அரங்கம் சரிவில் இருப்பதால் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு எங்கிருந்தாலும் மேடை தெரியும். இடம் கிடைக்காதவர்கள்தான் அதிகம். இலவச நிகழ்ச்சி, பாடுவது இளவட்டங்களுக்குப் பிடித்த ஒரு மலையாள பேண்ட், கேட்க வேண்டுமா? நாங்கள் போனபோது படிக்கட்டு, வரப்பு, சுவர் எல்லாம் ஆள். முதல் பாட்டுக்கு நாங்கள் நின்ற மூலையில் பாட்டே கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற பையன்கள் பாடியதுதான் கேட்டது. நன்றாகத்தான் பாடினார்கள்.

தூரத்தில் நிற்கிறவர்கள் ஒன்று கவனிக்கலாம். திரையில் டிரம்மரின் குச்சி விழும், சத்தம் ஒரு இமைப்பொழுது கழித்து வரும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும், ஒளிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. நூறு மீட்டர் தள்ளி நின்றால் தாளம் திரையோடு ஒட்டாது. எங்கள் கடையில் ஃபால் தைக்கும்போது துணி நழுவினால் வருகிற எரிச்சல் எனக்கு அதைப் பார்த்தாலும் வரும். அதனால் சவுண்ட் இன்ஜினியர் உட்கார்ந்திருக்கிற மேசையைத் தேடினேன். அவர் தன் காதுக்குச் சரியாக இருக்கிற மாதிரிதான் எல்லாவற்றையும் ஏற்றி இறக்குகிறார், அப்போது அந்த மேசைக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தானே நல்ல சத்தம்? அங்கே போய்ச் சேருவதற்குள் மைனியின் கசவுக்கரையை நாலு பேர் மிதித்துவிட்டார்கள். சேர்ந்த பிறகு பேஸ் கிட்டார் தனியாக, குரல் தனியாக, வரி வரியாகப் புரிந்தது. ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேர் முன்னால் மட்டும் நிற்காதீர்கள். அங்கே நெஞ்சுக்கூடு அதிரும், பாட்டு விளங்காது.

பாதியில் செண்டைக்காரர்கள் நாலைந்து பேர் மேடையேறி டிரம்ஸோடு எதிர்வாசிப்பு வாசித்தார்கள். எனக்கு முன்னால் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பையன், கையில் உருகுகிற குச்சி ஐஸோடு, அப்பா தலையிலேயே தாளம் போட்டான். ஐஸ் வழிந்து அந்த மனிதர் காதுக்குள் இறங்கியது. அவர் துடைக்கக்கூட இல்லை. கொட்டு ஏற ஏற கூட்டம் முன்னால் தள்ளியது. அந்த ஒரு தடவைதான் எனக்குப் பயம் வந்தது. முன்பின் தெரியாத ஒரு சேச்சி மைனியின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, "இவிடெ நில்க்கு, ஓரத்து" என்று தடுப்புக் கம்பியோரமாக நிறுத்தினார். கடைசிப் பாட்டு வரை பிடித்த கையை விடவில்லை. நடுவே ஒரு தமிழ்ப் பாட்டு வந்தது. கூட்டம் மொத்தமும் வரி தவறாமல் பாடியது, சேச்சி உட்பட. உச்சரிப்பைப் பற்றி நாம் பேச வேண்டாம், நாங்கள் மலையாளம் பேசும் லட்சணம் அவர்களுக்கும் தெரியும்.

அண்ணன் எங்களிடமிருந்து எப்போது பிரிந்தார் என்றே தெரியாது. போன் வேலை செய்யவில்லை. அவ்வளவு பேர் ஒரே இடத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால் எந்த டவர்தான் தாங்கும்? நல்லவேளையாக "காணாமப் போனா வண்டிகிட்ட" என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். போய்ப் பார்த்தால் என் வண்டி சீட்டில் சாய்ந்துகொண்டு கடலை கொறித்துக்கொண்டிருந்தார். காரில் வந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, நாங்கள் சந்து சந்தாகப் புகுந்து கரமனை வந்துவிட்டோம். கூட்டமான கச்சேரிக்கு ஸ்கூட்டர்தான் என்று நான் அடித்துச் சொல்வது போகும் சுகத்துக்காக இல்லை, வெளியே வருகிற சுகத்துக்காக.

இரவில் நாலு வழி ரோட்டில் இரண்டு பேரோடு அறுபதில் சிரமமில்லாமல் போகிறது. அதற்கு மேல் நான் முறுக்குவதில்லை, பின்னால் வேகமாக வருகிற பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கொடுத்துவிடுவேன். நெய்யாற்றின்கரை பக்கம் ஒரு தட்டுக்கடையில் தோசை, ஆம்லெட், கட்டன் சாயா. மைலேஜ் கேட்பவர்களுக்காக: எனக்கு நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் கிடைக்கிறது, ஆளும் பாரமும் பொறுத்து.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வண்டி 108 கிலோ. தனி ஆளாக வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிறவர்கள், படி ஏற்றி உள்ளே வைக்க வேண்டிய வீட்டுக்காரர்கள், 110 சிசி வண்டியே எடுக்கலாம், காசும் மிச்சம். உயரம் குறைந்தவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து கால் ஊன்றிப் பாருங்கள். எனக்கு இரண்டு பாதமும் தரையில் படுகிறது. ஓண வாரத்துக்குப் போவதாக இருந்தால் கடைசி நாள் வேண்டாம். அன்றைக்கு கிழக்கேக்கோட்டையை நோக்கி ஊர்வலம் போகும், எந்த வண்டியும் எந்தப் பக்கமும் நகராது. நடுவில் ஒரு வேலை நாளாகப் பார்த்து, ஐந்து மணிக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள். வடையை பாறசாலையிலேயே தின்றுவிடுங்கள்.