மாடி அறையில் 1939: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு விளையாட்டுக் கடை

எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டிச் சந்துக்குள் திரும்பினால், தையல் கடைக்கு மேல் முதல் மாடியில் இந்த இடம் இருக்கிறது. பலகை விளையாட்டுகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து அங்கேயே உட்கார்ந்து ஆடலாம். மணிக்குத் தலைக்கு நாற்பது ரூபாய், தேநீர் தனி. மின்விசிறி இரண்டு உண்டு. அதில் ஒன்று சத்தம் மட்டும்தான் போடும். மாடிப்படி செங்குத்து. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வட சென்னையில் பலகை என்றாலே கேரம்தான். இங்கேயும் பிள்ளைகள் வருவது அதற்காகத்தான். நான் எழுத உட்கார்ந்தது கடைக்காரத் தம்பி தானே யோசித்து, தானே அச்சடித்து, கேரம் பலகையின் மேலேயே விரித்து ஆடவைக்கும் ஒரு வரைபட விளையாட்டைப் பற்றி. 1939-இல் தென்னாப்பிரிக்கா இரண்டாம் உலகப் போரில் சேராமல் நடுநிலையாக நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் ஆட்டம். வண்ணாரப்பேட்டையில் இதை யார் ஆடுவார்கள் என்று கேட்காதீர்கள். ஹார்பரில் டாலி கிளார்க்காக, அதாவது கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணி எழுதுபவனாக இருந்து ஓய்வு பெற்ற நான் ஆடுகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களையும் இழுத்துக்கொண்டு போகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. நம்மை யாரும் கேட்கவில்லை. வைஸ்ராய் லின்லித்கோ, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று ஒரே அறிவிப்பில் முடித்துவிட்டார். அதை எதிர்த்துத்தான் ராஜாஜியின் சென்னை அமைச்சரவை உட்படக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்றிருந்த டொமினியன் நாடுகளின் நிலை வேறு. 1931-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்துக்குப் பிறகு அவை தாமே முடிவெடுக்கலாம். அயர்லாந்தில் பிரதமர் டி வலேரா நடுநிலை என்றார், கடைசிவரை அப்படியே நின்றார். தென்னாப்பிரிக்காவில் பிரதமர் ஹெர்ட்சாக் நடுநிலைத் தீர்மானம் கொண்டுவர, அவருடைய அமைச்சரவையிலேயே இருந்த ஸ்மட்ஸ் எதிர்த்தார். செப்டம்பர் 4 அன்று வாக்கெடுப்பு: 80-க்கு 67, ஸ்மட்ஸ் பக்கம். நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொன்னார் ஹெர்ட்சாக். கவர்னர் ஜெனரல் பேட்ரிக் டங்கன் மறுத்தார். ஹெர்ட்சாக் விலகினார், ஸ்மட்ஸ் பிரதமரானார், நாடு போருக்குள் போனது.

எண்பதில் ஏழு பேர் மனம் மாறியிருந்தால் 74-க்கு 73. அவ்வளவுதான் இடைவெளி. ஆட்டத்தின் முதல் பாதி முழுக்க இந்த ஏழு பேரைப் பற்றியதுதான். வாக்களித்த உறுப்பினருக்கு ஒன்றாக நூற்று நாற்பத்தேழு மர மணிகளை நடுவில் கொட்டுகிறார்கள். ஹெர்ட்சாக்காக ஆடுபவரிடம் பேச்சுச் சீட்டுகள் இருக்கும். அதில் ஒன்று ஹிட்லரின் நியாயத்தைப் பேசும் சீட்டு. எடுத்துப் போட்டால் உங்கள் பக்கத்து மணிகளே எதிர்ப்பக்கம் உருண்டுவிடும். நிஜத்திலும் அன்றைய உரையில் அவர் ஹிட்லருக்காகப் பரிந்து பேசப் போய்த்தான் காரியம் கெட்டது என்பார்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் இருப்பதுதான் சாமர்த்தியம். கேரம் பவுடர் ஒட்டிய அந்த மணிகள் விரலில் வழுக்கும். யார் எத்தனை மணியை நகர்த்தினார்கள் என்று எங்கள் மேசையில் எப்போதும் சண்டை. சத்தம் கேட்டுத் தையல்காரர் ஒருமுறை மேலே ஏறி வந்துவிட்டார்.

நடுநிலை வென்றால் ஆட்டம் வரைபடத்துக்கு நகர்கிறது. இங்கே தம்பியின் மூளைக்கு ஒரு சபாஷ். வரைபடத்தில் சைமன்ஸ்டவுனுக்கு மட்டும் மஞ்சள் நிறம். அது கேப் டவுன் அருகே உள்ள பிரிட்டிஷ் கடற்படைத் தளம். ஹெர்ட்சாக்கின் தீர்மானமே அந்தத் தளம் தொடர்பான ஒப்பந்தக் கடமைகள் தொடரும் என்றுதான் சொன்னது. அதாவது நாடு நடுநிலை, வீட்டுக்குள்ளே பிரிட்டிஷ் கடற்படை! ஜெர்மனியாக ஆடுபவர் ஒவ்வொரு சுற்றிலும் கண்டனச் சீட்டு போட்டுக்கொண்டே இருக்கலாம். அயர்லாந்துக்கு இந்தத் தலைவலி இல்லை. கோவ், பெரஹேவன், லாக் ஸ்விலி ஆகிய மூன்று துறைமுகங்களை 1938-லேயே பிரிட்டன் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தது. இந்த வேறுபாட்டை ஒரு நிறத்தால் காட்டிவிட்டார்.

என் குறை தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகமான டர்பனைப் பற்றியது. வரைபடத்தில் டர்பன் வெறும் சதுரம். காயை வைத்தால் இரண்டு புள்ளி, எடுத்தால் ஒன்று. ஹார்பரில் காலம் கழித்தவனுக்கு இது பொறுக்குமா? 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகிவிட்டது. சூயஸுக்குப் போகவேண்டிய படையும் சரக்கும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போனது. 1942 மே மாதம் மடகாஸ்கரில் இறங்கிய பிரிட்டிஷ் படையும் டர்பனில் கூடித்தான் புறப்பட்டது. டர்பன் நடுநிலைத் துறைமுகமானால் இதெல்லாம் என்ன ஆகும்?

1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் விதி இருக்கிறது. போரிடும் நாட்டின் போர்க்கப்பல் நடுநிலைத் துறைமுகத்தில் பொதுவாக 24 மணி நேரம்தான் நிற்கலாம். ஒரே நேரத்தில் ஒரு தரப்புக்கு மூன்று போர்க்கப்பலுக்கு மேல் கூடாது. தன் நாட்டின் மிக அருகில் உள்ள துறைமுகத்தை எட்டும் அளவுக்குத்தான் நிலக்கரி. வாங்கிவிட்டால் அதே நாட்டில் மறுபடி வாங்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பழுது பார்க்கலாம், ஆனால் சண்டைத் திறனைக் கூட்டக் கூடாது. 1939 டிசம்பரில் அடிபட்டு வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் கிராஃப் ஷ்பேக்கு நடுநிலை நாடான உருகுவே 72 மணி நேரம்தான் கொடுத்தது. கெடு முடியும் வேளையில் கேப்டனே கப்பலை மூழ்கடித்தார். நடுநிலை என்பது நாடாளுமன்றத்தில் கைதூக்குவதோடு முடிகிற சமாச்சாரமல்ல. எத்தனை டன் ஏறியது, எந்த மணிக்கு நங்கூரம் எடுத்தது என்று வார்ஃபில் நின்று ஒருவன் எழுதினால்தான் அது நடுநிலை. அவன் பேனா கொஞ்சம் சாய்ந்தால் நாடே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நம் ஊரில் 1914 செப்டம்பர் 22 இரவு எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த எம்டனும் பிடித்த கப்பல்களின் நிலக்கரியை அள்ளிக்கொண்டுதான் ஓடியது.

இதைத் தம்பியிடம் சொன்னேன். “விதி கூடினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், ஐயா” என்றார். பிள்ளைகள் கேரம் ஆடட்டுமே! எங்களுக்கு ஒரு நிலக்கரிக் கணக்குத் தாள் அச்சடித்துக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்துதான் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனுக்குக் கொண்டுபோனது. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாக்குரிமை வாசலை 1896-லேயே டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் சட்டம் அடைத்துவிட்டது. அந்த மர மணிகளில் அவர்களுக்கென்று ஒன்றுகூடக் கிடையாது; நிஜமும் அதுதான், அதற்குத் தம்பி என்ன செய்வார். ஆனால் வரைபடப் பாதியிலாவது அவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? ஒரே ஒரு வேலைநிறுத்தச் சீட்டு இருக்கிறது, யார் கையிலாவது வந்து வீணாகிறது. போரை எதிர்த்ததற்காக 1940-இல் கைதான தென்னாப்பிரிக்க இந்தியத் தலைவர் யூசுஃப் டாடூ போன்றவர்களை ஆடுபவர் ஒருவர் இருந்தால் ஆட்டமே வேறாகியிருக்கும். கடைசியில் நடுநிலை அரசுக்கு ‘அமைதிப் புள்ளி’ பத்து என்று வாரிக் கொடுக்கிறார்கள். யாருக்கு அமைதி? அந்த 67 பேரில் மலானும் இருந்தார். 1948-இல் ஆட்சிக்கு வந்து இனஒதுக்கலைச் சட்டமாக்கிய அதே மலான். நடுநிலை வென்றிருந்தால் அவர் எட்டு ஒன்பது ஆண்டு முன்னதாகவே வந்திருக்கலாம். அந்தப் பத்துப் புள்ளியை நான் எடுத்துக்கொள்வதில்லை. கூட ஆடுபவர்கள் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

அச்சு சுமார். கடற்காற்று ஈரத்தில் அட்டை ஓரம் சுருண்டு, கேப் முனை எப்போதும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். நாங்கள் ஸ்ட்ரைக்கரை அதன் மேல் வைத்துவிடுகிறோம். எழுத்து பொடிசு, கண்ணாடியை மறக்காதீர்கள். தேநீரில் சர்க்கரை அதிகம், முன்பே சொல்லிவிடுங்கள்.

ஒரு முழு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும், நான்கு பேர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை கேரம் பிள்ளைகள் மேசை விடமாட்டார்கள். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள், ஹெர்ட்சாக்கை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஸ்மட்ஸை எங்களில் ஒருவர் யாருக்கும் விட்டுத்தர மாட்டார்.