மெர்ஜ், கம்பைன், பிளெண்ட்: எங்கே எது?

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும்போது பலரும் தடுமாறும் இடம் இது. 'இரண்டு அறிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்' என்பதற்கு மெர்ஜ் போடுவதா, கம்பைன் போடுவதா? அகராதியைப் புரட்டினால் இரண்டுக்குமே 'ஒன்றுசேர்' என்றுதான் இருக்கும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சேர்த்த பிறகு பழையது தனியாகத் தெரிகிறதா, இல்லையா?

கம்பைன் பொதுச்சொல். இரண்டு அறிக்கையையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்தாலே அது கம்பைன்தான். மெர்ஜ் அப்படியில்லை. மூழ்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. ஒன்று இன்னொன்றுக்குள் அமிழ்ந்து, நடுவே இருந்த கோடு அழிய வேண்டும். எக்செல்லில் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஏ1 கட்டத்தில் பெயரும் பி1 கட்டத்தில் ஊரும் இருக்கும்போது இரண்டையும் மெர்ஜ் செய்தால் பெயர் மட்டுமே மிஞ்சும், ஊர் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் இன்னொரு கட்டத்தில் ஃபார்முலா போட்டு கம்பைன் செய்ய வேண்டும்.

வங்கிகளுக்கும் மெர்ஜ்தான் பொருத்தம். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கிக்குள் போனது. பழைய பெயர் மறைந்தது. அரசின் அறிவிக்கை இதை அமால்கமேஷன் என்றது. அது சட்டமும் கணக்கியலும் புழங்கும் இடத்துச் சொல், அலுவலக மின்னஞ்சலுக்குக் கனம் அதிகம்.

அப்புறம் மிக்ஸும் பிளெண்டும். மிக்சர் பொட்டலத்தில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்னலாம். அசாம் தூளையும் நீலகிரித் தூளையும் கலந்து போட்ட டீயில் எது எந்தச் சுவை என்று பிரிக்க முடியாது, அதனால் அது பிளெண்ட். மிக்ஸ் என்றால் இரண்டுக்கும் செல்லும். மிக்சரை பிளெண்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வேதியியலுக்குள் போனால் கம்பைன் இறுகிவிடுகிறது. காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பது வெறும் மிக்சர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கம்பைன் ஆனால்தான் தண்ணீர். அதைத் திரும்பப் பிரிக்க மின்சாரம் பாய்ச்ச வேண்டியிருக்கும். ஆகவே அறிவியல் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பொதுப்பேச்சில் போல அள்ளிவிடக் கூடாது.

ஜாயினுக்கு விளிம்பு தொட்டால் போதும். ஃபியூஸ் என்றால் உருகி ஒட்ட வேண்டும். யுனைட் பெரும்பாலும் மனிதர்களுக்கும் நாடுகளுக்கும்.

அலுவலகங்களில் அதிகம் வீணடிக்கப்படுவது இன்டக்ரேட்தான். சேர்ந்தவை ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். இணையக் கடையில் பணம் கட்டியதும் ஆர்டர் தானாகப் பதிவானால் அது இன்டக்ரேஷன். பணம் கட்டும் பக்கத்துக்கு வெறும் லிங்க் கொடுத்துவிட்டு அந்தப் பெயரைச் சூட்டுவது சரியில்லை.