கேமைத் திறக்காமலே ஆட்-ஆன் எழுத ஒரு ஸ்டப் லைப்ரரி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு ஆட்-ஆன் (கேமோட சேர்ந்து ஓடற குட்டி ப்ரோக்ராம்) எழுதறவங்களுக்கு தெரியும், ஒரு வரி மாத்தினாலும் கேமுக்குள்ள போய் ரீலோட் அடிச்சு பார்க்கணும், அதுக்கே பாதி ராத்திரி போயிடும். அந்த கடுப்புல தான் இந்த லைப்ரரிய எடுத்தேன். கிரியேட்ஃப்ரேம், யூனிட்நேம் மாதிரி கேமோட ஃபங்ஷனுக்கெல்லாம் ஸ்டப், அதாவது டம்மி வச்சிருக்காங்க, டெர்மினல்லயே டெஸ்ட் ஓடுது, சூப்பர். ஆனா கேரக்டர் பேர சொல்ற யூனிட்நேமோட டம்மி எப்பவும் ஏதோ ஒரு பேர குடுத்துட்டே இருக்கு, நிஜ கேம்ல டார்கெட்டோட பேர கேக்கும்போது யாரையும் டார்கெட் பண்ணலன்னா நில் (nil, அதாவது மதிப்பே இல்ல) தான் வரும், இங்க எல்லாம் பாஸ் ஆகி அங்க போனதும் ஸ்ட்ரிங் ஒட்டற இடத்துல எரர்! நானே திருத்திக்கிட்டேன், ரெண்டே வரி. அப்புறம் டெஸ்ட்ட லுவா (ஆட்-ஆன் எழுதற மொழி) 5.1லயே ஓட்டுங்க, கேம்ல இருக்கறது அதான், 5.4ல போட்டா அன்பேக்ங்கற ஃபங்ஷன் காணோம்னு கத்தும். ஃப்ரேம் (ஆட்-ஆன் காட்டற பெட்டி) ஸ்க்ரீன்ல எங்க உக்காருதுன்னு பார்க்க மட்டும் கேம திறந்து தான் ஆகணும். 5க்கு 3.5.