மண்டபத்தில் ஒருநாள் அறிவியல் தொழில் வழிகாட்டி முகாம்: உடன் சென்ற சிறப்பாசிரியரின் மதிப்பீடு

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்காகத் தனியார் அமைப்பு ஒன்று ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற ஊரில் நடத்திய அறிவியல், பொறியியல் தொழில் வழிகாட்டி முகாமுக்கு, சிறப்புத் தேவையுள்ள எங்கள் மாணவர்கள் ஆறு பேரை அழைத்துச் சென்றிருந்தேன். வாசலில் சாய்தளம் இருந்ததால் சக்கர நாற்காலி சிரமமின்றி ஏறியது. கழிப்பறைக் கதவில்தான் நுழைய மறுத்தது.

காலை அமர்வுக்கு முழு மதிப்பெண் தரலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் மேலெழும்புவதைத் திரையில் காட்டுவதோடு நில்லாமல், மரத்தில் செய்த மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துத் தொட்டுப் பார்க்கவும் விட்டார்கள். பார்வையற்ற மாணவி ஒருத்தி, கம்பியை விரலால் தடவிக்கொண்டே கோபுர உச்சியிலுள்ள கப்பியைக் கடந்து, மறுபுறம் தொங்கிய எதிர் எடையைத் தொட்டதும் கையை நிறுத்தி, "அப்போ பாலத்தோட எடை முழுசையும் மோட்டார் தூக்க வேண்டாமா, சார்?" என்று கேட்டாள். எதிர் எடை பாரத்தைச் சமன்செய்துவிடுவதால் உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் சமாளித்தால் போதும் என்றும், 1914-ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரு இறக்கைகளையும் ஆட்கள் கையாலேயே திறக்க முடிந்ததற்கும் எதிர் எடைதான் துணை என்றும் அமர்வை நடத்திய பொறியாளர் அவசரப்படாமல் விளக்கினார்.

பிற்பகல் ஆய்வக அமர்வில் இந்தப் பக்குவம் இல்லை. வழிகாட்டி மீன்தொட்டியைப் பார்த்தபடியே பேசியதால், உதட்டசைவைக் கொண்டு புரிந்துகொள்ளும் எங்கள் மாணவனுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது; பதிவின்போது உறுதியளித்த சைகைமொழிப் பெயர்ப்பாளர் வரவேயில்லை. காற்றுப் பம்புகளின் இரைச்சல் தாங்காமல் ஆட்டிசம் உள்ள மாணவன் காதைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். எந்த அறையில் என்ன சத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தால், காதொலி மட்டுப்படுத்தியைக் கையோடு கொண்டுபோயிருப்போம். ஆனாலும் மரிக்கொழுந்துப் பாசி என்ற கடற்பாசியைக் கையில் கொடுத்து, நுண்ணுயிர் வளர்க்கும் தட்டுகளில் ஊற்றும் அகார் இதிலிருந்துதான் வருகிறது என்று சொன்னது நன்று; பாசி எடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகள் இருவருக்கு அது புதுச் செய்தி.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது கடைசி அரைமணி நேரம். மற்றவர்களுக்குக் கடல் உயிரியல் பற்றியும் செயற்கைக்கோள் படங்களைப் படிக்கும் வேலை பற்றியும் அடுத்த அறையில் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் மாணவர்களைத் தனியே உட்காரவைத்து, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி அரசுப் பணியில் கிடைக்கும் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பற்றி மட்டுமே பேசினார்கள். இடஒதுக்கீடு அவசியம்தான், ஆனால் எந்த வேலைக்கு என்பதையல்லவா அவர்கள் கேட்க வந்தார்கள்? பிளஸ் ஒன்னில் கணிதப் பிரிவு எடுத்தால் இயற்பியல் செய்முறையை எப்படிச் செய்வது என்று அந்த மாணவி பிரெயிலில் குத்திக் கொண்டுவந்த கேள்வித்தாள், திரும்பும் பேருந்திலும் சுருட்டியபடியே அவள் பையில் இருந்தது.