போ, வா, ஏறு, இறங்கு: கான்டோனீஸோடு மூன்று வருடம்

ஹாங்காங்குக்கு வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து இங்கே பேசும் சீன மொழியான கான்டோனீஸ் படிக்கிறேன். எனக்கு அதிகம் கைகொடுத்தவை, போவதையும் வருவதையும் சொல்லும் ஒரு டஜன் வினைச்சொற்கள்தான்.

முதல் ஆறு மாதம் மனப்பாட அட்டைகளுக்கான ஆங்கி செயலியில் அட்டை போட்டு மனப்பாடம் செய்தேன். ஹொய் என்றால் போ, லை என்றால் வா, சொங் ஏறு, லொக் இறங்கு, யப் உள்ளே போ, சொட் வெளியே போ. அட்டையைப் பார்த்தால் வரும், தெருவில் வராது. நாக்கில் ஏறியது சிவப்பு மினிபஸ்ஸில்தான். அதில் இறங்கும் இடத்தை நாமே குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். தெருமுனை என்றால் "காய் ஹௌ யௌ லொக்!" யௌ என்றால் இருக்கு. நம் ஊர் கண்டக்டர் கேட்கும் "இறக்கம் இருக்கா?" அப்படியே இங்கே இருக்கிறது! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

ரொம்ப நாள் பிடிபடாதது ஃபான். 'திரும்பிப் போ' என்று படித்திருந்தேன். வீட்டுக்குப் போவது ஃபான் உக்கேய், சரி. ஆனால் வேலைக்குப் போவதும் ஃபான் குங், பள்ளிக்குப் போவதும் ஃபான் ஹொக். வேலையில் சேரும் முதல் நாளும் ஃபான் குங்தான். நமக்கு உரிய இடத்துக்குப் போவது என்று புரிந்துகொண்ட பிறகுதான் தெளிந்தது. சுருதியும் முக்கியம்: உயர்த்திச் சொன்னால் திரும்புவது, தாழ்த்திச் சொன்னால் சோறு.

அப்புறம், ஊரின் வரைபடமே இந்தச் சொற்களில் இருக்கிறது. கவுலூனிலிருந்து உள்புறமுள்ள யுன் லாங் போவது 'யப்', அங்கிருந்து நகர மையமான சென்ட்ரல் வருவது 'சொட்', துறைமுகத்தைத் தாண்டுவது 'குவோ ஹோய்', அதாவது கடல் கடப்பது. இதை அட்டையில் படிக்க முடியாது, கூட இருப்பவர்கள் பேசக் கேட்க வேண்டும்.

சீனாவின் பொது மொழியான மாண்டரின் தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே 'நட' என்று எழுதும் அதே எழுத்து, இங்கே ஜௌ: கிளம்பு, ஓடு. நடப்பதற்கு ஹாங்.

தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'லோ லை', 'லோ ஹொய்' என்பவை நம் 'கொண்டு வா', 'கொண்டு போ' மாதிரியே அமைந்தவை. ஆனால் யப், சொட், லொக் எல்லாம் கடைசி ஒலியை வெளியே விடாமல் சட்டென்று நிறுத்த வேண்டிய சொற்கள். நமக்கோ கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். 'லொக்கு' என்பதை 'லொக்' ஆக்க இன்றைக்கும் தினமும் பழகுகிறேன்.